வீட்டில் அரைத்த மீன் மசாலா: கசந்தால், உதிர்ந்தால், கட்டி தட்டினால்

வீட்டில் அரைத்த மீன் மசாலா சரியாக வரவில்லை என்றால் பலரும் உடனே அளவில்தான் கை வைக்கிறார்கள். மல்லியைக் கூட்டுகிறார்கள், வெந்தயத்தைக் குறைக்கிறார்கள், அடுத்த முறை அம்மாவின் அளவை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு அக்காவிடம் அளவு கேட்கிறார்கள். நான் பார்த்தவரை அளவு தவறிக் கெட்ட மசாலா குறைவு. ஈரம் போகாமல் கெட்டதும், வறுவல் பிசகிக் கெட்டதுமே அதிகம். பினாங்கில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சுற்றிலும் கடல், காற்றில் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. தமிழ்நாட்டில் சித்திரை வெயிலில் சுக்காகக் காய்ந்துவிடும் மிளகாய், இங்கே அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் நாள் முழுக்கக் கிடந்தாலும் மாலையில் எடுத்து மடக்கினால் தோல்போல வளைகிறது. ஊரிலிருந்து வந்த செய்முறை தப்பில்லை. அதில் 'வெயிலில் காய வைக்கவும்' என்று ஒரு வரியில் முடித்துவிட்ட இடத்தில்தான் நமக்கு வேலை கூடுகிறது.

கீழே சொல்வதற்கெல்லாம் நான் வைத்திருக்கும் அளவு இது: மல்லி 250 கிராம், காம்பு நீக்கிய காய்ந்த மிளகாய் 150 கிராம், சீரகம் 50, சோம்பு 50, மிளகு 25, மஞ்சள் 25, வெந்தயம் 10, ஒரு மேசைக்கரண்டி பச்சரிசி, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. பட்டை, கிராம்பு, ஏலக்காய் மூன்றும் கிடையாது. அவை இறைச்சி மசாலாவுக்கு உரியவை. மீனில் போட்டால் மீனின் ருசி அமுங்கிவிடும். எல்லாமே லெபோ பசார் பக்கத்து மளிகைக் கடைகளில் ஒரே நடையில் கிடைக்கும். உங்கள் வீட்டு அளவு வேறாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். குறையைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றுதான்.

கசக்கிறது

அடிக்கடி கேட்கும் புகார் இதுதான். பழியும் உடனே வெந்தயத்தின் தலையில் விழுந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் கசப்பது மசாலாவா, மீனா என்று பார்க்க வேண்டும். அதே மீனில் ஒரு துண்டை உப்பும் மஞ்சளும் மட்டும் தடவிப் பொரித்துத் தின்று பாருங்கள். அதுவும் கசந்தால் மீனைக் கழுவும்போது பித்தப்பை உடைந்திருக்கிறது. கெம்போங் (கானாங்கெளுத்தி) போன்ற சின்ன மீனில் குடலை அவசரமாக இழுத்தால் இப்படி ஆகும். வயிற்றுப் பக்கத்தில் பச்சையும் மஞ்சளுமாகக் கறை தெரிந்தால் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மற்றதைச் சமைக்கலாம். எலுமிச்சையைத் தோலோடும் விதையோடும் சேர்த்து அழுத்திப் பிழிந்தாலும் கசப்பு இறங்கும்.

மீன் நன்றாக இருந்து மசாலாதான் கசக்கிறது என்றால், தூளில் ஒரு சிட்டிகை எடுத்து வெதுவெதுப்பான சோற்றுக் கஞ்சியில் கலந்து குடித்துப் பாருங்கள். கசப்போடு புகை வாடையும் வந்தால் ஏதோ ஒன்று கருகியிருக்கிறது. பெரும்பாலும் மிளகாய் அல்லது சீரகம். புகை வாடை இல்லாமல், விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் கசப்பு நின்றால் வெந்தயம்.

வெந்தயத்தை வறுப்பது பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். பச்சை வெந்தயத்துக்கு இயல்பாகவே கசப்பு உண்டு. இளந்தீயில் வறுபடும்போது அது தணிந்து வாசனை எழும்பும். அதையும் தாண்டி வறுத்தால் கசப்பு முன்னைவிடப் பலமாகத் திரும்பி வரும். இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. சட்டியில் போட்டதும் மங்கிய மஞ்சளாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஓரம் பொன்னிறமாகி, ஒன்றிரண்டு வெந்தயம் துள்ளும். ஒரு இனிப்பு வாசனை, வெல்லப் பாகு காய்வதுபோல, லேசாக எழும்பும். அந்த வாசனை மூக்கில் பட்ட கணமே அடுப்பிலிருந்து இறக்கி வேறு தட்டில் கொட்டிவிட வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டியிலேயே விட்டால் இரும்பின் சூட்டிலேயே செம்மண் நிறத்துக்குப் போய்விடும். செம்மண் நிறம் வந்த வெந்தயத்தைச் சேர்க்காதீர்கள். பத்து கிராம் வெந்தயத்துக்காக அரை கிலோ மசாலாவைக் கெடுத்துக்கொள்வது நியாயமில்லை.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்கச் சொல்வதும் இதனால்தான். மல்லி பருமன், சீரகம் ஒல்லி, வெந்தயம் கல். மூன்றையும் ஒரே சட்டியில் போட்டால் மல்லி சூடேறி வருவதற்குள் சீரகம் கருகிவிடும்.

அரைத்து முடித்த தூளை மீட்க முடியுமா? வெந்தயக் கசப்பு என்றால் முடியும். வெந்தயமே போடாமல் அதே அளவு மசாலாவை இன்னொரு முறை வறுத்து அரைத்து, இரண்டையும் கலந்துவிடுங்கள். அதுவரை அந்தத் தூளைப் பொரிப்பதற்கு எடுக்காமல் குழம்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். புளியும் தேங்காய்ப் பாலும் கசப்பைப் பெருமளவு மூடிவிடும். கருகல் வாடைக்கு மருந்து கிடையாது. எத்தனை மடங்கு மல்லி சேர்த்தாலும் அது மேலே வந்து நிற்கும். மனம் வராது என்று தெரியும், இருந்தாலும் கொட்டிவிடுவதே நல்லது.

பொரிக்கும்போது மசாலா எண்ணெயில் உதிர்கிறது

மீனை எண்ணெயில் போட்டதும் மசாலா பிரிந்து, எண்ணெய் கலங்கி, மீன் வெள்ளையாக வெளியே வருகிறது என்றால், தூளைச் சந்தேகப்படும் முன் மீனின் மேல் இருந்த தண்ணீரைப் பாருங்கள். சௌராஸ்தா சந்தையிலோ பூலாவ் திக்குஸ் சந்தையிலோ வாங்கும் மீன் ஐஸில் கிடந்தது. வீட்டுக்கு வந்து கழுவிய பிறகும் சதையிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். அதன் மேல் மசாலாவைத் தடவினால் மசாலா அந்த நீரின் மேல்தான் உட்காரும். எண்ணெயில் நீர் ஆவியாகும்போது மசாலாவையும் தூக்கிக்கொண்டு போய்விடும்.

இதற்கு இரண்டு கட்டமாகத் தடவ வேண்டும். முதலில் உப்பும் கொஞ்சம் மஞ்சளும் மட்டும் தடவி, தட்டைச் சாய்த்து வைத்து பத்து நிமிடம் விடுங்கள். உப்பு சதையிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும், தட்டின் ஓரத்தில் தேங்கி நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதைக் கொட்டிவிட்டு மீனைச் சுத்தமான துணியாலோ காகிதத் துண்டாலோ ஒற்றி எடுங்கள். பிறகு மசாலா. மூன்று மேசைக்கரண்டி தூளுக்கு ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு, ஒரு தேக்கரண்டி எண்ணெய், கெட்டியான விழுதாக வரும் அளவுக்கு மட்டும் தண்ணீர். விரலால் எடுத்தால் வழியாமல் நிற்க வேண்டும். கெம்போங் முழு மீன் என்றால் இரு பக்கமும் கத்தியால் மூன்று கீறல் போட்டு அதற்குள்ளும் அழுத்திவிடுங்கள். அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் மூடாமல் வைத்தால் மேல்புறம் உலர்ந்து மசாலா பிடித்துக்கொள்ளும்.

எலுமிச்சைச் சாற்றை விழுதில் சேர்த்து மணிக்கணக்கில் ஊற வைக்காதீர்கள். புளிப்பு மீனின் மேற்சதையை வெந்ததுபோல் ஆக்கி நொய்யச் செய்துவிடும், பிறகு மசாலா சதையோடு சேர்ந்தே பெயர்ந்து வரும். சேர்ப்பதாக இருந்தால் பொரிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு போதும்.

இத்தனை செய்தும் உதிர்ந்தால் எண்ணெய் காயவில்லை, அல்லது சீக்கிரம் திருப்பிவிட்டீர்கள். மரக்கரண்டியின் காம்பை எண்ணெயில் நிறுத்தினால் அதைச் சுற்றிச் சிறு குமிழிகள் சரசரவென்று கிளம்ப வேண்டும். மீனைப் போட்ட பிறகு அடிப்பக்கம் தானாகவே சட்டியை விட்டு வரும்வரை தொடாதீர்கள். கரண்டியை உள்ளே விட்டால் எதிர்ப்பு தெரிகிறதா, இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள்.

கடைசியாகத்தான் தூள். கொரகொரப்பாக இருந்தால் மல்லித் தோல் சதையில் ஒட்டாது. பொரிப்பதற்கு மட்டும் எடுக்கும் தூளை மெல்லிய சல்லடையில் சலித்துக்கொண்டு, மேலே நிற்கும் கப்பியைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழம்பில் அந்தக் கப்பிதான் கெட்டித்தன்மை கொடுக்கும்.

வெளியே கருகுகிறது, உள்ளே வேகவில்லை

மீன் துண்டின் பருமனும் நெருப்பும் ஒத்துப்போகவில்லை. மிளகாய்த் தூளும் பூண்டும் சீக்கிரம் கருகும். தெங்கிரியை (வஞ்சிரம்) இரண்டு விரல் கனத்துக்கு வெட்டினால் நடுப்பகுதி வேக நேரம் எடுக்கும். பொரிக்கும் துண்டை ஒரு விரல் கனத்துக்கு மேல் வெட்டச் சொல்லாதீர்கள். மசாலா ஏற்கெனவே நன்றாக வறுத்து அரைத்தது என்றால் அது எண்ணெயில் இன்னும் வேகமாகக் கறுக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பொரிப்பதற்கென்றே அரைப்பவர்கள் மிளகாயை வறுக்காமல் நன்றாகக் காய வைத்து மட்டும் அரைப்பது இதற்காகத்தான். நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

பச்சை வாசனை போகவில்லை

குழம்பில் பச்சை வாசனை அடித்தால் தூளில் குறையா, சமையலில் குறையா என்று பிரித்துப் பார்ப்பது எளிது. ஒரு தேக்கரண்டி தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, சூடான எண்ணெயில் இளந்தீயில் வதக்குங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் விழுதின் ஓரத்தில் எண்ணெய் சிவப்பாகப் பிரிந்து நிற்கும், அப்போது பச்சை வாசனை போயிருக்க வேண்டும். போயிருந்தால் தூளில் குற்றமில்லை. குழம்பு வைக்கும்போது எண்ணெய் பிரியும் முன்பே புளித் தண்ணீரை ஊற்றிவிடுகிறீர்கள். சோற்றின் மேல் பல கறிகளை ஊற்றித் தரும் பினாங்கின் நாசி கண்டார் கடைகளின் மீன் கறிக்கு அந்த ஆழம் வருவது இந்த வதக்கலில்தான். தூளை எண்ணெயில் நேராகக் கொட்டாமல் தண்ணீரில் குழைத்துப் போடுவதும் அதற்காகவே, கருகாமல் நிதானமாக வேகும்.

எண்ணெய் பிரிந்த பிறகும் மண் வாடை போல ஒன்று இருந்தால் மஞ்சள் அதிகம், அல்லது மல்லி காயாமலேயே அரைபட்டிருக்கிறது. மல்லியைப் பல்லில் வைத்துக் கடித்தால் 'கடுக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் அதில் இன்னும் ஈரம் இருக்கிறது.

நிறம் மங்கல், அல்லது காரம் மட்டும் இருக்கிறது, மணம் இல்லை

இரண்டும் மிளகாயைப் பற்றியவை. சிவப்பும் காரமும் ஒரே பொருளால் வருவதில்லை. நீளமாக, சுருக்கம் விழுந்து, கருஞ்சிவப்பாக இருக்கும் பியாடகி வகைக்கு நிறம் அதிகம், காரம் குறைவு. சிறிதாக, வழவழப்பாக இருக்கும் வகைகள் பலவற்றுக்குக் காரம் அதிகம். பாதிக்குப் பாதி கலந்தால் மீனுக்குப் போதுமான காரமும் கண்ணுக்கு நல்ல நிறமும் கிடைக்கும். காரம் கூடிவிட்டது என்று விதையை மட்டும் தட்டி எடுப்பவர்கள் உண்டு. காரம் குவிந்திருப்பது விதை ஒட்டியிருக்கும் வெண்ணிற நாரில்தான். விதையோடு அந்த நாரையும் எடுத்தால்தான் காரம் குறையும். விதை குறைந்தால் தூளின் சிவப்பும் தெளிவாகும்.

அரைத்தபோது சிவப்பாக இருந்து பிறகு வெளுத்தது என்றால் வெளிச்சம் பட்டிருக்கிறது. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஜன்னலோரம் அடுக்கி வைத்தால் பார்க்க அழகுதான். ஆனால் மிளகாயின் நிறமிகளுக்கு ஒளி ஆகாது. எவர்சில்வர் டப்பாவோ அலமாரியின் உள்ளறையோ போதும்.

கட்டி தட்டுகிறது, பூஞ்சை பிடிக்கிறது, வண்டு விழுகிறது

இங்கேதான் பினாங்கின் காற்று தன் வேலையைக் காட்டுகிறது. செப்டம்பர், அக்டோபர் மழை மாதங்களில் மசாலா அரைக்கவே வேண்டாம் என்பேன். ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு, வெயிலும் நிற்கும். ஆண்டின் பெரிய அரைப்பை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். 2015, 2019 ஆண்டுகளைப்போலப் புகைமூட்டம் படியும் நாட்களிலும் வெளியே எதையும் காய வைக்காதீர்கள்.

வெயிலை நம்ப முடியாவிட்டால் மின்சார அடுப்புப் பெட்டி இருக்கிறது. 60 முதல் 70 டிகிரி சூட்டில், கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, மிளகாயைத் தட்டில் பரப்பி ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். கதவைத் திறக்காவிட்டால் ஆவி உள்ளேயே சுற்றும். ஆறிய பிறகு மிளகாயைக் காதருகே ஆட்டினால் விதை கலகலக்க வேண்டும், மடக்கினால் முறிய வேண்டும். சூடாக இருக்கும்போது முறிகிறதா என்று பார்க்காதீர்கள். அப்போது எல்லா மிளகாயும் வளையும். கறிவேப்பிலையைக் கையால் கசக்கினால் பொடியாக வேண்டும். ஈரமான நான்கு இலை போதும், ஒரு டப்பா தூளுக்குப் பூஞ்சை பிடிக்க.

அடுத்த தவறு மில்லிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் நடக்கிறது. அரைத்துக் கொடுத்த பையின் அடியில் கை வைத்துப் பாருங்கள், சூடு தாங்காது. அந்தச் சூட்டோடு மூட்டை கட்டி, வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்க்கும். மூடியின் உட்புறத்தில் பொட்டுப் பொட்டாக நீர் நிற்கும். இரண்டு வாரத்தில் கட்டி, ஒரு மாதத்தில் பூஞ்சை. வீட்டுக்கு வந்ததும் பெரிய தாம்பாளத்தில் பரப்பி, மின்விசிறியின் கீழ் இல்லாமல், மெல்லிய துணி போட்டு முழுதாக ஆற விடுங்கள். ஆறியது தெரிய, குவியலின் நடுவே விரலைச் செருகிப் பார்க்க வேண்டும். மேல்புறம் ஆறி நடுவில் சூடு நிற்கும்.

வெறும் கட்டி மட்டும் தட்டியிருந்து வாசனை சரியாக இருந்தால் இளஞ்சூட்டில் உலர்த்திச் சலித்துப் பயன்படுத்தலாம். வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால், ஊசிப்போன வாடை அடித்தால், மேலே இருப்பதை மட்டும் வழித்து எறிந்துவிட்டு மீதியை வறுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மிளகாயில் வளரும் சில பூஞ்சைகள் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரலைக் கெடுக்கும் அந்த நஞ்சு வறுப்பதாலோ கொதிக்க வைப்பதாலோ முழுதாக அழியாது. டப்பாவோடு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்.

சிறிய பழுப்பு நிற வண்டுகள் தெரிந்தால் அவை பெரும்பாலும் மல்லியோடோ மிளகாயோடோ முட்டையாகவே வீட்டுக்குள் வந்தவை. வாங்கிய சரக்கை அரைக்கும் முன் ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வர விடுங்கள். குளிர்ந்த சரக்கின் மேல் காற்றின் ஈரம் உடனே படிந்துவிடும். இதே காரணத்துக்காக, அன்றாடம் எடுக்கும் தூளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல், ஒரு மாதத்துக்கு வேண்டியதைச் சின்ன டப்பாவில் வெளியே வைத்துக்கொண்டு மீதியை மட்டும் உறைபெட்டியில் வையுங்கள். ஈரக் கரண்டியை டப்பாவுக்குள் விடாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மசாலாவில் வேறு ஏதோ மணக்கிறது

மில்லில் உங்களுக்கு முன்னால் இறைச்சி மசாலா அரைத்திருக்கிறார்கள். முதலில் ஒரு கைப்பிடி பச்சரிசியைப் போட்டு ஓட்டித் தரச் சொல்லுங்கள். கேட்டால் செய்து தருவார்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வீட்டில் மிக்சியில் அரைப்பவர்கள் விரலி மஞ்சளை அதில் போடாதீர்கள், கத்தி மழுங்கும்; மஞ்சளைத் தூளாகவே வாங்கிச் சேருங்கள். விட்டு விட்டு ஓட்டினால் ஜாடி சூடாகாது, மணமும் தங்கும்.

மசாலா போட்டும் மீன் வாடை அடிக்கிறது

இதற்கு மசாலாவைக் கூட்டுவது தீர்வே இல்லை. கடல் மீன் பழசாகும்போது உண்டாகும் அமீன் வகைப் பொருள்தான் அந்தக் கவிச்சி வாடை. புளிப்பு பட்டால் அது ஆவியாகாத உப்பாக மாறிவிடும், அதனால்தான் நம் ஆட்கள் காலங்காலமாகப் புளித் தண்ணீரில் மீனைக் கழுவுகிறார்கள். புளிக் கரைசலில் ஐந்து நிமிடம் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்துவிட்டு மசாலா தடவுங்கள். அதற்குப் பிறகும் வாடை தூக்கலாக இருந்தால் மீன் பழையது, எந்த மசாலாவும் அதை மறைக்கக் கூடாது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கெம்போங், தெங்கிரி, சூரை போன்ற மீன்களைத் தின்ற சிறிது நேரத்தில் முகம் சிவந்து, வாய் எரிந்து, உடல் அரித்தால், பலர் 'மசாலா சூடு' என்றோ 'மிளகு ஒத்துக்கொள்ளவில்லை' என்றோ நினைத்து விட்டுவிடுகிறார்கள். இந்த வகை மீன்களைப் பிடித்த பிறகு குளிரில் வைக்காமல் விட்டால் சதையில் ஹிஸ்டமின் சேரும். பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது. வாயில் வைத்ததும் மிளகைக் கடித்ததுபோல் சுரீரென்று பட்டால், நீங்கள் மிளகு அதிகம் போடவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், அந்தத் துண்டைத் துப்பிவிட்டு மீதி மீனை யாரும் தொடாமல் எடுத்து வையுங்கள். அரிப்பும் சிவப்பும் வந்தவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள், என்ன மீன் தின்றார், எத்தனை மணிக்குத் தின்றார் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ, உதடும் நாக்கும் வீங்கினாலோ, தலை சுற்றினாலோ காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.